இரண்டுக்கு அட்டவணை இல்லை

கடைத்தெருவில் திரைச்சீலை விற்கும் புருலுக்கு இரட்டைக் குழந்தை என்ற சேதி, எங்கள் டோலோன்-அரிக் மருத்துவ மையத்தின் கீழ்த்தளத்தில் நல்ல சேதியாகத்தான் பிறந்தது. படியேறி மாடிக்குப் போவதற்குள் அது ஒழுங்கீனமாகிவிட்டது.

கீழ்த்தளத்தில் ஸ்கேன் அறை. அங்கே வெனேரா என்ற மருத்துவர். அதிகம் பேசாதவர். கருவியை வயிற்றில் வைத்துத் திரையைப் பார்த்தார். ஏதோ கோளாறு என்று நினைத்தவர்போலத் திரையின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தார்.

"எந்திரிக்காத. படுத்துக்கிட்டே கேளு. ரெண்டு."

"என்ன ரெண்டு?"

"ரெண்டு பேரு. இதோ ஒருத்தர். அவருக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டு இன்னொருத்தர்."

கல்யாணமாகி ஒன்பது வருடம் குழந்தையில்லாமல் இருந்தவள் புருல். சிரித்தாள், உடனே அழுதாள், பிறகு ஸ்கேனுக்காக வயிற்றில் தடவிய பசையைத் துடைக்க மறந்து ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

மாடியில் கிளாரா ஓஸ்மோனோவ்னா. ஊரில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள். மீதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கிய தாய்மார்களின் பிள்ளைகள். அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் பெரிய அட்டவணை ஒன்று தொங்கியது. எந்த வாரத்தில் கர்ப்பிணி எத்தனை கிலோ இருக்கலாம் என்பது அதில் கட்டம் கட்டமாக இருந்தது. புருல் சொன்னதை அவர் முழுக்கக் கேட்டார். பிறகு அட்டவணையைத் திரும்பிப் பார்த்தார், அது மனம் புண்பட்டிருக்குமோ என்பதுபோல.

"வாரத்துக்கு முந்நூறு கிராம் ஏறலாம். அதுக்கு மேல ஒரு கிராம் கூடாது."

"அது ஒரு குழந்தைக்கு. ரெண்டுக்கு எவ்வளவு டாக்டர்?"

"முந்நூறு கிராம்."

"ரெண்டுக்குமா?"

"பங்கு போட்டுக்கட்டும். வயித்துலயே பகிர்ந்து சாப்பிடக் கத்துக்கிட்டா பின்னால உனக்குத்தான் நல்லது." கிளாரா ஓஸ்மோனோவ்னா பேனாவைக் கீழே வைத்தார். "இங்க பாரு பொண்ணே. இந்த அட்டவணை முப்பது வருஷமா இங்க தொங்குது. இதுவரைக்கும் ஒரு தப்புப் பண்ணினதில்ல. தப்புப் பண்றதெல்லாம் நீங்கதான். ஒண்ணு கேட்டா ரெண்டு கொண்டுவர்றீங்க. ரெண்டுக்கு அட்டவணை கிடையாது. அட்டவணை இல்லாத எதுக்கும் நான் சிகிச்சை பண்ணினதில்ல."

புருல் மன்னிப்புக் கேட்டாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் அந்த அறையிலிருந்து மன்னிப்புக் கேட்காமல் யாரும் வெளியே வந்ததில்லை.

அவள் டாக்டர் சொல்லைத் தட்டாதவள். இத்தனை வருடம் கழித்துக் கிடைத்ததைத் தன் நாக்கால் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்தாள். ரொட்டியைக் குறைத்தாள். சர்க்கரையை நிறுத்தினாள். அப்படியும் அடுத்த தடவை எடை மெஷினில் ஏறியபோது முள் அட்டவணையைத் தாண்டிப் போனது. உள்ளே இருந்த இருவருக்கும் அட்டவணை பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை.

"திருட்டுத் தீனியா?" என்றார் கிளாரா ஓஸ்மோனோவ்னா.

"சத்தியமா இல்ல டாக்டர்."

"எல்லாரும் சத்தியம் பண்றீங்க. மெஷின் மட்டும்தான் பண்ண மாட்டேங்குது." வாரம் ஒரு நாள் 'சுமை இறக்கும் நாள்' என்று உத்தரவானது. அன்றைக்கு ஆப்பிளும் புளித்த பாலும் மட்டும். வேறு எதுவும் வாயில் படக்கூடாது.

வீட்டில் இதைச் சொன்னதும் மாமியார் பாத்மா கையிலிருந்த மாவை அப்படியே போட்டுவிட்டார்.

"ஆப்பிளா? நான் கன்னு போடப்போற மாட்டுக்குக்கூட அதை மட்டும் குடுக்க மாட்டேனே!"

"டாக்டர் சொல்லிட்டாங்க அத்தை."

"அவளுக்கு என்ன தெரியும்? ஒண்ணே ஒண்ணு பெத்தவ. அதுவும் சிடுமூஞ்சியா இருக்கு."

புருலின் கணவன் ஜோல்டோஷ் சாலை போடும் லாரி ஓட்டுகிறவன். மனைவி பட்டினி கிடக்கும்போது அவள் கண்ணெதிரே சாப்பிட அவனுக்கு மனம் வரவில்லை. சுமை இறக்கும் நாளில் தட்டை எடுத்துக்கொண்டு கரிக் கொட்டகைக்குப் போய்விடுவான். மனிதன் நல்லவன்தான், ஆனால் கொட்டகைக் கதவுக்குக் கீழே இடைவெளி இருந்ததை யோசிக்கவில்லை. வறுத்த ஆட்டிறைச்சியும் வெங்காயமும் முற்றத்தைத் தாண்டி, ஜன்னல் வழியாக வந்து, ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் புருலின் மூக்கில் ஏறும். உள்ளே இருவரும் உதைக்கத் தொடங்குவார்கள்.

"ஜோல்டோஷ்!"

"என்ன?" என்பான் அவன், வாய் நிறைய.

"கொட்டகையில என்ன பண்றீங்க?"

"கரி அள்ளுறேன்."

"மென்னுக்கிட்டா அள்ளுவாங்க?"

எடை பார்க்கும் வியாழக்கிழமை மாடி வராந்தாவைப் பார்க்க வேண்டும். வயிற்றைத் தாங்கிக்கொண்டு சுவரோரம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தோட்டைக் கழற்றிக் கைப்பையில் போடுவார்கள். கொண்டை ஊசியை உருவுவார்கள். ஒருத்தி குளிர்காலத்தில் கனத்த காலுறையைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றாள். இன்னொருத்தி முந்தின நாள் கூந்தலையே வெட்டிக்கொண்டு வந்திருந்தாள். யாரும் காலையில் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார்கள். எடை பார்த்து, திட்டு வாங்கி, கீழே இறங்கி, வாசலைத் தாண்டிய அடுத்த நிமிடம், இறைச்சி அடைத்த சம்சா சுட்டு விற்கும் சம்சாக்காரியைச் சூழ்ந்துகொள்வார்கள். களிமண் அடுப்பின் சுவரிலிருந்து அவள் சம்சாக்களைப் பெயர்த்துப் போடப் போட, தாள் கிழிசலில் வாங்கி, நின்றபடியே, சூட்டில் வாயை ஊதிக்கொண்டு தின்பார்கள். மற்ற நாட்களில் அந்த அடுப்பு பாதிகூட நிறையாது.

"நீங்க வாங்க மாட்டீங்களா?" என்று புருலைக் கேட்டாள் சம்சாக்காரி.

"கூடாதுன்னாங்க."

"யாரு, கிளாரா ஓஸ்மோனோவ்னாவா? அவங்க இப்பதான் நாலு வாங்கிட்டுப் போனாங்க."

அப்போதும் புருல் வாங்கவில்லை. கிளாரா ஓஸ்மோனோவ்னாவின் வயிற்றில் இரட்டைக் குழந்தை இல்லை, அதனால் அவர் சாப்பிடலாம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பாதி வழியில் அந்த நினைப்பில் ஏதோ தலைகீழாக இருப்பதாகத் தோன்றியது. ஆனால் பசியில் அதை நிமிர்த்த முடியவில்லை.

எடை அடங்காத தாய்மார்களுக்கென்று மையத்தில் ஒரு பள்ளி நடந்தது. 'பொறுப்புள்ள தாய்' என்று பெயர். தலைமை மருத்துவர் ஓரோஸ்பெக் சாதிரோவிச் தாமே வகுப்பெடுத்தார். முன்பு பீப்பாய்போல இருந்தவர். தலைநகரில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து இளைத்து, பழைய சட்டைகளையே போட்டுக்கொண்டு, சட்டைக்குள் யாரையோ தேடுகிறவர்போல நடமாடினார்.

"அன்பான தாய்மார்களே! என்னைப் பாருங்க. இருபத்திரண்டு கிலோ குறைச்சிருக்கேன். எப்படி? மன உறுதி! என்னால முடியும்னா உங்களால ஏன் முடியாது?"

புருல் கையைத் தூக்கினாள். பள்ளி என்றதால் அப்படித்தான் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். "உங்களுக்குள்ள யாரும் இல்லையே டாக்டர்."

வகுப்பு சிரித்தது. ஓரோஸ்பெக் சாதிரோவிச் சிரிக்கவில்லை. "இந்த மனப்பான்மைதான் எடையா மாறுது," என்றார்.

பிறகு வாழ்க்கை முறைக்கு வந்தார். கர்ப்பிணி தினமும் நீண்ட தூரம் நடக்க வேண்டும், படுத்தே கிடக்கக் கூடாது. இரட்டைக் கர்ப்பிணி படுத்தே இருக்க வேண்டும், நடக்கக் கூடாது.

"நான் எது?" என்றாள் புருல்.

"நீங்க கர்ப்பிணிதானே?"

"ஆமா."

"இரட்டையும்தானே?"

"ஆமா."

"அப்ப ரெண்டும் உங்களுக்குப் பொருந்தும். இதுல என்ன குழப்பம்? மனசைக் குழப்பிக்காதீங்க. கவலை குழந்தைக்கு ஆகாது. கவலைப்படுற தாய்மார்களை நாங்க கடுமையா எச்சரிக்கிறோம்."

அன்று முதல் புருல் ஆற்றங்கரை வரை நடந்துபோய், அங்கே ஒரு பலகையில் இடப்பக்கமாகப் படுத்துக்கொண்டு, மறுபடி எழுந்து நடந்து வந்தாள். போகிறவர் வருகிறவர் நின்று விசாரித்தார்கள். சிலர் ஜோல்டோஷுக்குப் போன் செய்து, பெண்டாட்டி ஆற்றங்கரையில் விழுந்து கிடக்கிறாள் என்றார்கள். அவன் லாரியைப் பாதித் தாரோடு நிறுத்திவிட்டு ஓடி வந்தான்.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. டாக்டர் சொன்னதைச் செய்யுறேன்."

"இதையா சொன்னாங்க?"

"தனித்தனியா சொன்னாங்க. நான் சேர்த்துச் செய்யுறேன்."

ஆறாம் மாதக் கடைசியில் புருல் அறுபத்தெட்டு கிலோ இருந்தாள். முகம் ஒட்டி, கன்னத்து எலும்பு துருத்தி, கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் முன்னால் நின்றது. மெஷின் கை காலைப் பார்ப்பதில்லை. எடையை அடக்கிய மையத்துக்கு மாகாண அளவில் பாராட்டு உண்டு. புருல் ஒருத்தியால் எங்கள் மையத்தின் சராசரி கெட்டுக்கொண்டிருந்தது. அவளை விசாரிக்க ஒரு குழு கூடியது. ஓரோஸ்பெக் சாதிரோவிச் நடுவில். கிளாரா ஓஸ்மோனோவ்னா பக்கத்தில். புருலை நிற்க வைத்தார்கள். உட்கார்ந்தால் வயிற்றின் அளவு தெரியாதாம்.

"அறுபத்தெட்டு," என்றார் கிளாரா ஓஸ்மோனோவ்னா. "வெட்கமா இல்ல?"

"இது ஒரு ஆளோட எடை இல்லையே டாக்டர்," என்றாள் புருல், சுவரைப் பிடித்துக்கொண்டு. "ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

தலைமை மருத்துவருக்குப் பொறி தட்டியது. "ரெண்டு பிள்ளை. அதாவது ரெண்டு கர்ப்பம். சராசரி போடுறப்ப ரெண்டா வகுத்துட்டா என்ன?"

"வகுக்கலாம்," என்றார் கிளாரா ஓஸ்மோனோவ்னா, எச்சரிக்கையாக. "வகுத்தா முப்பத்திநாலு வருது."

"அட்டவணையில?"

"அட்டவணையில அவ்வளவு கீழ இல்ல. கடுமையான எடைக்குறைவு."



"எடைக்குறைவுக்குத் திட்டணுமா?"

"கட்டாயம் திட்டணும்."

"அப்ப திட்டுங்க."

கிளாரா ஓஸ்மோனோவ்னா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். "முப்பத்திநாலு கிலோ! பிள்ளைங்களைப் பட்டினி போட்டுக் கொல்லப் பார்க்கிறியா? தாயா நீ?" மூச்சு வாங்கிக்கொண்டு அதே தொனியில் முடித்தார்: "அறுபத்தெட்டுக்கு ஏற்கெனவே திட்டியாச்சு. அதுவும் அப்படியே நிக்குது."

குழு ஒருமனதாக முடிவு செய்தது. திங்கட்கிழமை எடை கூட்டுவதற்கான உணவு. செவ்வாய்க்கிழமை சுமை இறக்கும் நாள். புதன் மறுபடி கூட்டல், வியாழன் மறுபடி இறக்கல். இரண்டு கோளாறுகளையும் ஒரே நேரத்தில் கவனிக்கும் முன்னோடி முறை என்று ஓரோஸ்பெக் சாதிரோவிச் அதைப் பாராட்டினார். புருல் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டாள். கண் இருட்டியது. யாரோ கைத்தாங்கலாகக் கீழே கொண்டுபோனார்கள். திறந்திருந்த கதவு ஸ்கேன் அறையுடையது.

வெனேரா அவளைப் படுக்க வைத்தார். நெடுநேரம் பார்த்தார். கருவியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கொண்டுபோனார். முகம் இறுகியது.

"என்ன டாக்டர்?"

"முன்னால இருக்கிறவங்க பரவாயில்ல. பின்னால ஒளிஞ்சிருக்கிறவர் போன தடவை பார்த்தப்ப இருந்த மாதிரியே இருக்காரு. வளரல."

"ஏன்?"

வெனேரா கதவுப் பக்கம் பார்த்தார்.

"டாக்டர், நான் சாப்பிடலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க."

"நான் பார்க்கலாம். புத்தி சொல்லக் கூடாது. புத்தி சொல்றதெல்லாம் மாடி. போன வருஷம் ஒருத்திக்கிட்ட சொன்னேன்னு எனக்கு எச்சரிக்கை குடுத்துட்டாங்க." வெனேரா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, புருலைப் பார்க்காமல், திரையில் மங்கலாக அசைந்துகொண்டிருந்த அந்தச் சிறிய உருவத்திடம் பேச ஆரம்பித்தார்.

"ஐயா, சின்னவரே. நல்லா கேளுங்க. உங்களுக்குச் சாப்பாடு பத்தல. உங்கம்மா ஆப்பிள் தின்னு வாழுறா. அவ இறைச்சி சாப்பிடணும், முட்டை சாப்பிடணும், பால் குடிக்கணும், பசிக்கிற நேரமெல்லாம் சாப்பிடணும். ரெண்டு பேரைச் சுமக்கிறவளுக்கு எடை ஏறத்தான் செய்யும், ஏறியே ஆகணும். அவளை மாகாண ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. இந்த வாரமே. நான் அவகிட்ட சொல்ல முடியாது. நீங்க சொல்லிடுங்க."

திரையில் சின்னவர் ஒரு கையை அசைத்தார்.

"சொல்லிட்டான் டாக்டர்," என்றாள் புருல். இந்தத் தடவை பசையை நன்றாகத் துடைத்தாள். 

அன்று வியாழக்கிழமை. எழுந்து நேராக வாசலுக்குப் போனாள். அடுப்புக்கு எதிரில் நின்று, "ஆறு," என்றாள். சம்சாக்காரி நிமிர்ந்து பார்த்தாள். ஆறையும் தாளில் கட்டினாள். புருல் அங்கே நின்று தின்னவில்லை. பொட்டலத்தோடு மறுபடி மாடிக்கு ஏறினாள். வராந்தாவில், பட்டினியோடு காத்திருந்த பெண்களுக்கு நடுவில், எடை மெஷினுக்கு நேர் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள்.

 முதல் சம்சாவைக் கடித்ததும் கொழுப்பு அவள் முழங்கை வரை வழிந்தது. அவள் துடைக்கவில்லை. அழுதுகொண்டே மென்றாள்.

பக்கத்தில் கூந்தலை வெட்டிக்கொண்டு வந்த பெண் வேறுபக்கம் பார்த்தாள். எச்சில் விழுங்கினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"ஆடா, மாடா?"

"ஆடு."

"வெங்காயம் நிறைய போட்டிருக்கா?"

"நிறைய."

கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை நீண்டது. புருல் ஒன்றைக் கொடுத்தாள்.

கிளாரா ஓஸ்மோனோவ்னா கதவைத் திறந்தார். வாசனைதான் அவரை வரவழைத்திருக்க வேண்டும். "என்ன நடக்குது இங்க? செவ்வாய், வியாழன் சுமை இறக்கும் நாள்! ஏறு மெஷின்ல!"

"ஏற மாட்டேன் டாக்டர்."

"என்ன?"

"சின்னவன் வளரல. என் பிள்ளைங்களை உங்க முந்நூறு கிராமுக்குள்ள மடிச்சு வைக்க இனிமே என்னால முடியாது. நான் மாகாணத்துக்குப் போறேன்."

"ஒத்துழைக்க மறுக்கிறவள்னு உன் பேர்ல எழுதிடுவேன்!"

"மூணு தடவை எழுதுங்க," என்றாள் புருல். "நாங்க மூணு பேரு மறுக்கிறோம்."

ஜோல்டோஷ் அன்றைக்கே தாரைக் கொட்டிவிட்டு அவளை லாரியில் ஏற்றினான். பாத்மா மடியில் ஒரு குண்டான் இறைச்சியோடு நடுவில் உட்கார்ந்து, கணவாயில் ஏறும்போதும் இறங்கும்போதும் மருமகளுக்கு ஊட்டிக்கொண்டே வந்தார். மாகாண ஆஸ்பத்திரியில் அவளைப் படுக்கையில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே சாப்பிடச் சொன்னார்கள், அவள் சாப்பிட்டாள். ஆனால் சின்னவனுக்கு அது தாமதமாகத்தான் வந்தது. எட்டாம் மாதத்தில் அவன் இதயத்துடிப்பு தளர்ந்ததும் வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். அக்கா இரண்டேகால் கிலோ, வந்ததும் கத்தினாள். தம்பி ஒன்றரைக் கிலோகூட இல்லை. கத்தவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்தான். புருல் பெட்டியின் துவாரத்தில் கையை விட்டு அவன் உள்ளங்காலில் ஒரு விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நர்ஸ்கள் சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் எழுந்துபோவாள். தட்டைக் காலி செய்துவிட்டு ஓடி வருவாள். பனி உருகி, வாதுமை பூத்து உதிர்ந்த பிறகுதான் இரண்டு பேரையும் வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தது.

அந்த வருடம் எங்கள் மையத்துக்குப் பாராட்டு கிடைத்தது. சராசரியைக் கெடுத்தவள் வேறு ஊரில் பெற்றுவிட்டதால் அவள் கணக்கில் வரவில்லை.

பிறந்த குழந்தைகளை உள்ளூர் மையத்தில் காட்டியாக வேண்டும். குழந்தைகள் பிரிவு கீழ்த்தளத்தின் மறுகோடியில். மருத்துவர் ரோசா ஓஸ்மோனோவ்னா, மாடியில் இருப்பவரின் தங்கை. அவர் நாற்காலிக்குப் பின்னாலும் ஓர் அட்டவணை தொங்கியது. அதில் ஒரு குண்டுக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு குழந்தை.

ரோசா ஓஸ்மோனோவ்னா சின்னவனைச் சுற்றியிருந்த துணியை விலக்கினார். அவர் முகம் சிவந்தது.

"என்ன இது? குச்சி மாதிரி! எடை எங்க?" அவர் குரல் வராந்தா வரை கேட்டது. "வயித்துல இருக்கிறப்ப நீ ஒழுங்கா சாப்பிட்டியா இல்லையா? உண்மையைச் சொல்லு. உடம்பு போட்டுடும்னு பட்டினி கிடந்தியா? இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு இடுப்புதான் பெரிசு, பிள்ளை இல்ல!"

ஜோல்டோஷ் நாற்காலியிலிருந்து எழுந்தான். புருல் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நான் ஏன் சாப்பிடலேன்னு மாடியில உங்க அக்காவைக் கேளுங்க டாக்டர்."

"அக்காவையா? நான் எதுக்குக் கேட்கணும்? அது கர்ப்பிணிப் பிரிவு. நாங்க வேற பிரிவு. வேலை நேரத்துல நாங்க பேசிக்கிறதில்ல."

"வீட்டுல?"

"வீட்டுல வேலையைப் பத்திப் பேசுறதில்ல." அவர் மேசைமீதிருந்த சிறிய தராசைத் தட்டிச் சரிசெய்தார். "நேரத்தை வீணாக்காத. குடு அவனை. எடை பார்க்கணும்."

சின்னவன் அந்த நேரத்தில் அழத் தொடங்கினான். பிறந்தபோது கத்தாதவன், இப்போது பாக்கியில்லாமல் கத்தினான். முகம் சுருங்கி, கைகள் காற்றைப் பிசைந்தன. அவன் குரலைக் கேட்டுக் கூடப் பிறந்தவளும் விழித்துக்கொண்டாள்.

"பால் குடுக்கிறதுக்கு முன்னாடிதான் எடை பார்க்கணும்," என்றார் ரோசா ஓஸ்மோனோவ்னா, கையை நீட்டி. "குடிச்சிட்டா கணக்குத் தப்பிடும். இறக்கு."

புருல் அவனை நெஞ்சோடு அணைத்துத் துணியால் மூடினாள். அழுகை நின்றது. விழுங்கும் சத்தம், மிகச் சிறிய சத்தம், அந்த அறையில் தெளிவாகக் கேட்டது.

"முதல்ல அவன் சாப்பிடட்டும் டாக்டர்," என்றாள்.

ரோசா ஓஸ்மோனோவ்னா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். ஜோல்டோஷைப் பார்த்தார், அட்டவணையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். தராசு காலியாக இருந்தது. சின்னவன் நிதானமாகக் குடித்தான்.